முதல் குடம்

குன்றின் மேலிருந்த கரட்டு மடத்துக்கு ஏற நூற்று நாற்பது படிகள். பொங்கியண்ணன் அவற்றை எண்ணி வைத்திருந்தது பக்தியால் அல்ல, முழங்கால் வலியால். அறுபத்தாறு வயது மனிதர், தினமும் பத்து நடை தண்ணீர் சுமந்தார்.

மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம். மடத்துக் கிணற்றின் அடியில் ஓணான் ஓடியது. கரட்டடியில் பாவாத்தாளின் கிணறு மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது. ஐம்பதடிக் கிணறு. அடிப்பாறையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். பாவாத்தாளுக்கு இரண்டு எருமைகளும் அரை ஏக்கர் முருங்கையும்தான் சொத்து. பால் ஊற்றிப் பிழைப்பவள்.

"மடத்துக்கு இல்லாததாண்ணா? வந்து சேந்திக்குங்க" என்று அவளாகவே சொல்லியிருந்தாள். மேய வரும் ஆடுகளுக்கும் மலையேறி வரும் மனிதர்களுக்கும் மடத்துக் கல்தொட்டியில் தண்ணீர் இருந்தது என்றால் அது அவள் புண்ணியம். பாதி பொங்கியண்ணனின் முழங்கால் செய்த புண்ணியம்.

அவருடைய குரு நல்லாத்தாளுக்கு வயது நாற்பத்திரண்டு. எல்லோருக்கும் அவர் தாயி. மடத்துக்கு வருமுன் கிணறு வெட்டும் கூட்டத்தில் கல் சுமந்தவர். கல் சுமந்தவளுக்கு மடமா என்று சிலர் முகத்தைச் சுளித்தபோது, பழைய சாமியார், "இத்தனை நாள் பேசறவங்க இருந்தாச்சு. இனி சுமக்கறவ ஒருத்தி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பொங்கியண்ணன் கடைசி நடை ஏறி வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பிறகு கேட்பார்.

"தாயி, முப்பதடி தள்ளி அவனுக்குக் கெடச்சுது. எனக்கு ஏனுங்க கெடைக்கல? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

தாயி குடத்துக்குள் எட்டிப் பார்ப்பார்.

"கழுத்து வரைக்கும் இருக்குதுங்கண்ணா. சிந்தாமக் கொண்டாந்திருக்கீங்க. தொட்டில ஊத்துங்க."

ஆறு வருஷமாக அதே கேள்வி. ஏறக்குறைய அதே பதில்.

பொங்கியண்ணன் ஒரு காலத்தில் எட்டு ஏக்கர்க்காரர். அந்த எட்டு ஏக்கரில் பதினோரு ஆழ்துளைக் கிணறுகள் போட்டார். நீரோட்டம் பார்க்கிறவரின் உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்த இடத்தில் நான்கு, வேப்பங்குச்சி முறுக்கிய இடத்தில் மூன்று, பெட்டியும் ஒயருமாக வந்தவர் காட்டிய இடத்தில் மூன்று, யார் பேச்சும் கேட்காமல் ஆத்திரத்தில் ஒன்று. பதினொன்றிலும் புகைதான். ஈரமில்லாத பாறையைத் துளைத்தால் கல்மாவு பறந்து வரும், அதைத்தான் அங்கே புகை என்பார்கள். பக்கத்தில் நிற்கிறவன் தலைமுதல் கால்வரை வெளுத்துப்போவான். பொங்கியண்ணன் பதினோரு தடவை வெளுத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம், முப்பதே அடியில், சென்னியப்பன் போட்ட முதல் குழியிலேயே தண்ணீர் பீறிட்டது.

அதன்பின் நிலம் கைவிட்டுப் போனது. மனைவி மகள் வீட்டோடு தங்கிவிட்டாள். இவர் ஒரு துண்டும் ஒரு பித்தளைக் குடமுமாகக் கரடேறி வந்தார். குடத்தின் கழுத்தில் 'செ.சு.' என்று பெயர் வெட்டியிருந்தது.

"இது யாரு பேருங்கண்ணா?" என்று பாவாத்தாள் ஒருமுறை கேட்டாள்.

"பழைய பாத்திரக் கடையில வாங்குனது அம்மிணி."

தாயி கேட்டதே இல்லை.

அந்த ஆனி மாதம், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வைத்திருக்கும் பக்தர் ஒருவர் மடத்துக்கு வந்தார். ஏதோ வேண்டுதல் பலித்திருந்தது. மடத்துக்கு ஒரு போர் போட்டுத் தருகிறேன் என்றார்.

தாயி பொங்கியண்ணனைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் பாறை தெரியும். நீங்க எடம் பாருங்க."

இன்னொரு குழி வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஆனால் காலையில் நான்காவது நடையில் முழங்கால் விண்ணென்று தெறித்தபோது, படியிலேயே உட்கார்ந்து, போடலாம் என்று முடிவு செய்தார். சலித்துப்போன மனிதனின் முடிவு அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கரட்டின் உச்சியில் ஏறி நின்று பார்த்தார். இந்தத் தடவை தேங்காயும் இல்லை, குச்சியும் இல்லை. பதினோரு தோல்வி கற்றுக்கொடுத்ததை வைத்துப் பார்த்தார். பாறைக்குள் தண்ணீர் குளமாகத் தேங்கி நிற்பதில்லை. வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கே மட்டும் ஓடும். ஒரு முழம் தள்ளித் துளைத்தாலும் புகைதான். காடெல்லாம் காய்ந்து கிடக்க, கீழே மரங்கள் மட்டும் ஒரு கோணல் கோடாகப் பச்சையாக நின்றன. நாலைந்து வேம்பு, இரண்டு ஊஞ்சமரம், ஒரு புற்று, மறுபடி வேம்பு. வெடிப்பு அதன் அடியில்தான் ஓடியது. கோட்டின் மேல்நுனி மடத்து நிலத்தில் இருந்தது.

கீழ்நுனி பாவாத்தாளின் கிணற்றில் இருந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"எடம் கெடச்சுதுங்களா?" என்று தாயி கேட்டார்.

"கெடச்சுதுங்க தாயி."

"கீழ்க்காட்டுக் கெணத்துக்கு ஒன்னும் ஆகாதுங்களே?"

"அது வேற ஊத்துங்க."

தாயி தலையசைத்தார். பொங்கியண்ணன் அன்று தாயியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வந்து இரைந்தது. நூறு அடி, புகை. இருநூறு அடி, புகை. பொங்கியண்ணன் பன்னிரண்டாம் தடவையாக வெளுத்து நின்றார். முந்நூறு தாண்டியதும் வண்டிக்காரர் அலுத்துக்கொண்டார்.

"பெரியவரே, நிறுத்திக்கலாங்களா?"

"இன்னொரு ராடு விடுங்க."

பழைய வியாதி. பதினோரு குழியிலும் அவர் கடைசியாகச் சொன்னது இதையேதான். ஆனால் அந்த ராடு பாதி இறங்குமுன் புகை நின்றது. சேறு தெறித்தது. அப்புறம் ஒரு சத்தம், அதன்பின் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி அவர் மேலேயே விழுந்தது.

"மூணு இஞ்சுக்குக் குறையாதுங்க!" என்று கத்தினார் வண்டிக்காரர்.

பொங்கியண்ணன் அப்படியே சேற்றில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. போரில் தண்ணீர் வந்தால், சாமிக்குக்கூட அப்புறம்தான். முதல் குடம் பக்கத்துக் காட்டுக்காரருக்கு. குழி போட்டவரே சுமந்து போய் வாசலில் இறக்க வேண்டும். வாங்குகிறவர் ஒரு வாய் குடித்துவிட்டு, வெறுங்குடமாக அனுப்பாமல் ஒரு பிடி தானியம் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அதற்கப்புறம்தான் அது நல்ல தண்ணீர்.

பொங்கியண்ணன் செ.சு. குடத்தில் பிடித்து, படியிறங்கி, பாவாத்தாளின் வாசலில் இறக்கினார். குனிந்து அவள் குடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம கெணத்துத் தண்ணி மாதரியே இனிப்பா இருக்குதுங்கண்ணா! இனி நீங்க ஏறி எறங்க வேண்டாம். கால் பொழச்சுது."

குடத்தில் ஒரு பிடி கம்பு போட்டுத் தந்தாள். படியேறும்போது அந்தக் கம்பு குடத்துக்குள் உருண்டு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. பத்துக் குடம் தண்ணீர் கனக்காத தோளுக்கு அந்த ஒரு பிடி கனத்தது.

ஐந்து நாள் மோட்டார் ஓடியது. தொட்டி வழிந்தது. ஆடுகள் மூக்கை முக்கிக் குடித்தன. பொங்கியண்ணன் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஐந்து நாளும் அவர் தன் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் பாவாத்தாள் மேலே வந்தாள். கையில் காலிக் குடம், தலை கலைந்திருந்தது.

"தாயி, கெணறு வத்திப் போச்சுங்க."

தாயி எழுந்து நின்றார்.

"எங்க மாமனார் வெட்டுன கெணறுங்க. அந்தப் பெரிய பஞ்சத்துலகூட வத்துனதில்லீன்னு சொல்லுவாங்க. அஞ்சு நாள்ல ஈரம்கூட இல்லாமப் போச்சு. எருமை ரெண்டும் தொட்டியை நக்கிட்டுக் கத்துதுங்க." அவள் காலிக் குடத்தைக் கீழே வைத்தாள். "போன மாசம் கன்னிமாருக்குப் பொங்க வெக்க முடியல, காச்சலாக் கெடந்தேன். அதுக்குங்களா தாயி? வேறெதுவும் எனக்குத் தெரிஞ்சு பண்ணலைங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

வாசற்படியில் நீட்டியிருந்த காலைப் பொங்கியண்ணன் மடக்கிக்கொண்டார்.

தாயி அவர் பக்கம் திரும்பினார். நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட அயர்ச்சிதான் அதிகம் இருந்தது.

"பொங்கியண்ணா, ஆறு வருசமா நீங்க கேக்கற கேள்வி. இப்ப அந்தம்மா கேக்குது. நீங்களே சொல்லுங்க."

எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். வறட்சி, மூன்று வருஷம் மழையில்லை, எல்லாக் கிணறும் இப்படித்தான். பாவாத்தாள் நம்பிவிடுவாள். கன்னிமாருக்குப் பொங்கல் வைத்து, காலமெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு கிடப்பாள். அந்தத் திட்டல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதிலேயே வாழ்ந்தவர் அவர்.

"அம்மிணி" என்றார். "கன்னிமாரு ஒன்னும் பண்ணல. உன் மேல ஒரு தப்பும் இல்ல. உன் கெணத்துக்கு வர்ற வெடிப்பும் இந்தப் போர்ல இருக்கற வெடிப்பும் ஒன்னு. மேல நாங்க இழுக்கறோம், கீழ உனக்கு இல்ல."

பாவாத்தாளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அன்னைக்குக் குடத்தைக் கொண்டாந்து இறக்குனீங்களா?"

அவர் ஆமென்று தலையாட்டினார்.

"மூணு வருசமா என் கெணத்துல சேந்துனீங்க. ஒருநாள் வேண்டாம்னு சொன்னனா? முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சுமந்து வந்து ஊத்தியிருப்பனே." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருந்தாலும் அண்ணா, நான் பண்ணுன தப்பில்லைன்னு சொன்னீங்க பாருங்க. அது போதும். அஞ்சு நாளாத் தூங்கல."

அவர் வசவைத்தான் எதிர்பார்த்திருந்தார். வசவாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

பொங்கியண்ணன் எழுந்து போய் மோட்டார் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கினார். கொண்டுவந்து தாயியின் முன் வைத்தார்.

"மடத்துக்குத் தண்ணிங்க?" என்று தாயி கேட்டார். வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

"ஊர்த் தொட்டில இருந்து கொண்டாறனுங்க."

"ஒரு மைல் இருக்குதுங்களே."

"இருக்குதுங்க."

"அந்தம்மாளோட எருமைக்கு?"

"அதுக்கும் நாந்தானுங்க."

தாயி இன்னொரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "வேற ஊத்துன்னு நீங்க சொன்னப்ப, கல் சுமந்தவ நான், ஒருதரம் கெணத்துல எறங்கிப் பாத்திருக்கணும். எனக்கும் சுமை குறையட்டும்னுதான் பாக்கல. வாங்க போலாம்."

இரண்டு பேரும் சுமந்தார்கள். பொங்கியண்ணன் தினமும் காலையில் பாவாத்தாளின் கிணற்றுக்குள் இறங்கி, வெடிப்பின் குறுக்கே விரலால் திருநீறு இழுத்துவிட்டு வருவார். தண்ணீர் திரும்பினால் திருநீறு கரைந்திருக்கும். இரண்டாம் நாள் வெள்ளையாக இருந்தது. நான்காம் நாளும். ஆறாம் நாள் பாதிக் கிணற்றில் ஏணியில் தொங்கிக்கொண்டு, இனி வராதோ என்று வாய்விட்டே சொன்னார். பாறை மூடிக்கொண்டால் மூடிக்கொண்டதுதான். அவருக்குத் தெரியாத பாறையா? மோட்டாரை நிறுத்தினால் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று எந்தப் பாறையும் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

ஒன்பதாம் நாள் திருநீறு ஒரு பக்கம் சாம்பல் நிறமாகியிருந்தது. தொட்டுப் பார்த்தார். ஈரம். பன்னிரண்டாம் நாள் கோடே இல்லை. வெடிப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. ஆடிப் பதினெட்டு கழித்து மூன்றாம் நாள் பாவாத்தாள் முதல் வாளியை இறைத்தாள்.

அதை அவள் எருமைக்கு ஊற்றவில்லை. செ.சு. குடத்தில் ஊற்றி அவர் தோளில் தூக்கி வைத்தாள்.

நூற்று நாற்பது படிகள். வாசற்படியில் குடத்தை இறக்கிவிட்டு அவர் உட்கார்ந்தார். தாயி ஒரு வாய் குடித்தார்.

"திரும்பி வந்திருச்சு" என்றார்.

"வந்திருச்சுங்க." முழங்காலைத் தடவிக்கொண்டார். "தாயி, அன்னைக்கு அந்தம்மாகிட்டச் சொன்னனே, உன் மேல தப்பில்லைன்னு. சொன்னதும் அது முகம் தெளிஞ்சுது. ஆறு வருசமா நானும் அதையேதானுங்க கேட்டேன். எங்கிட்ட அந்த ஒரு வார்த்தையை நீங்க ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அது ஆறுதல்தானுங்கண்ணா. தண்ணி என்கிட்டயா இருந்துச்சு?"

"அப்ப யாரு சொல்லியிருக்கணும்?"

தாயி குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். முந்தானையால் குடத்தின் உள்ளும் புறமும் துடைத்தார். கழுத்தில் வெட்டியிருந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"பழைய பாத்திரக் கடைன்னு பாவாத்தா சொல்லுச்சு. எனக்கும் படிக்கத் தெரியும். செ. யாருங்க? சென்னியப்பனா?"

பொங்கியண்ணன் தலை குனிந்துகொண்டார். ஆட்டு மணிச் சத்தம் படியில் ஏறி வந்து தொட்டியருகே நின்றது.

"அவனும் அவன் சம்சாரமும்தானுங்க. அவனுக்குத் தண்ணி வந்தன்னைக்கு முதல் குடத்தை எனக்குத்தானுங்க கொண்டாந்தான். அன்னைக்குக் காலைலதான் என்ற மூணாவது குழி புகைஞ்சுது. உடம்பெல்லாம் கல்மாவு. அப்படியே அவன் முன்னாலயே குடத்தைக் கவுத்து உட்டேன். ஏதோ சொல்ல வந்தான், நான் கேக்கல. குடத்தைக்கூட எடுக்காமப் போயிட்டான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கறதில்லீங்க. எட்டுக் குழி போட்டேன். அவன் பக்கம் திரும்பக்கூட இல்ல."

தாயி உள்ளே போனார். கம்புப் பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிடி அள்ளி வந்து குடத்தில் போட்டார். குடத்தை அவர் மடியில் வைத்தார்.

பொங்கியண்ணன் பதறினார். "இத்தனை வருசம் கழிச்சுங்களா? எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறதுங்க? போயி என்னன்னு சொல்றது?"

"பாவாத்தாகிட்டச் சொன்னதுதான்" என்றார் தாயி. "நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு அவரும் அன்னைல இருந்து கேட்டுட்டுத்தான் இருப்பாரு."